கருவறையில் நெய்த குழாய்

1507ஆம் ஆண்டு முடிந்து 1508 பிறந்த குளிர்காலம். ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து லியோனார்டோ டா வின்சியோடு பேசிக்கொண்டிருந்தார். தமக்கு நூறு வயது தாண்டிவிட்டது, தளர்ச்சியைத் தவிர உடம்பில் வேறு குறை எதுவும் தெரியவில்லை என்றார். சில மணி நேரத்தில், அசைவோ முனகலோ இல்லாமல், உட்கார்ந்த நிலையிலேயே உயிர் பிரிந்தது. நம் ஊராக இருந்தால் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து, பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து வழியனுப்பியிருப்போம். லியோனார்டோவுக்கு அது போதவில்லை. இவ்வளவு இனிய சாவு எப்படி வாய்த்தது என்று பார்க்க அந்த உடலைத் திறந்தார். இதயத்தை ஊட்டும் குழாய் வற்றிச் சுருங்கியிருந்தது. இரண்டு வயதில் இறந்த ஒரு குழந்தையின் உடலையும் அவர் ஆராய்ந்திருந்தார். அதில் எல்லாம் இதற்கு நேர்மாறாக இருந்தன. ரத்தக் குழாய்களின் மூப்பைக் கண்ணால் கண்டு எழுதிவைத்த முதல் மனிதர் அவர்தான் என்கிறது மருத்துவ வரலாறு.

இதயத்தைப் புகழ்ந்து பாடாத மொழி இல்லை. நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்தாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. எழுபது வயதில் 250 கோடியைத் தாண்டிவிடும். மூளையும் புகழுக்குக் குறைந்ததில்லை. உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பத்து நொடி ரத்தம் போகாவிட்டால் நினைவு தப்பும். இவை இரண்டுக்கும் நடுவே, யாரும் பாடாத ஒரு குழாய் இருக்கிறது. பெருந்தமனி. வயதான காலத்தில் இதயத்தையும் மூளையையும் காப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு, முதலில் இந்தக் குழாயைக் கையெடுத்துக் கும்பிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் என்றால், இதயம் வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரத்தத்தை ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் வீசி எறிகிறது. பிறகு ஓய்வெடுக்கிறது. எறிதல், ஓய்வு, எறிதல், ஓய்வு. குழாய் இரும்பாக இருந்திருந்தால் மூளைக்கு ஒரு கணம் வெள்ளம், மறு கணம் வறட்சி. ஆனால் மூளையின் நுண்குழாய்களில் ரத்தம் இடைவிடாமல் ஒரே சீராக ஓடுகிறது. விட்டு விட்டு வருவதை விடாத ஓட்டமாக மாற்றுவது யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஒரு பாதிரியார். லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. உலகில் முதன்முதலாக ரத்த அழுத்தம் அளக்கப்பட்டது அப்படித்தான். (குதிரையின் பாட்டை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. பக்கத்து ஊரில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கே ஹேல்ஸின் இந்த வேலை பிடிக்கவில்லை.) 1733இல் வெளியிட்ட நூலில் ஹேல்ஸ், அந்நாளைய தீயணைப்புப் பம்புகளில் இருந்த காற்றறையைப் பெருந்தமனிக்கு ஒப்பிட்டார். பம்பின் பிடி ஏறி இறங்கினாலும், காற்றறையில் அடைபட்ட காற்று அழுந்தி விரிவதால் தண்ணீர் விடாமல் பீய்ச்சும்.

நமக்குத் தீயணைப்புப் பம்பு வரை போக வேண்டியதில்லை. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் கன்னத்தைப் பார்த்தால் போதும். அவர் மூக்கால் மூச்சை இழுக்கும் அந்த இடைவெளியிலும் சுருதி அறுவதில்லை; உப்பிய கன்னத்தில் சேர்ந்திருக்கும் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. பெருந்தமனியும் ஒவ்வொரு துடிப்புக்கும் உப்புகிறது. இளம் வயதில் அதன் தொடக்கப் பகுதி 10 சதவீதம் வரை விரியும். வந்த ரத்தத்தில் ஒரு பங்கைத் தன்னுள் பிடித்துவைத்து, இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சுருங்கி, அதை முன்னே தள்ளுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பெருந்தமனியிலிருந்து பிரியும் முதல் கிளைகள் எவை தெரியுமா? மூளைக்குப் போவன அல்ல; இதயத்துக்கே திரும்பும் இரண்டு கரோனரித் தமனிகள். இதயத் தசை இறுகும்போது அதற்குள் ஓடும் குழாய்களும் நசுங்கும். அதனால் இடப்பக்க இதயத்துக்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பது அது தளர்ந்திருக்கும்போதுதான். அந்த நேரத்தில் தள்ளிக் கொடுப்பது பெருந்தமனி. ஊருக்கெல்லாம் உழைப்பவன் தன் பசியாற உட்காரும் நேரத்தில் ஒருவர் இலை போட்டுப் பரிமாறும்படி படைத்தவன் ஏற்பாடு செய்திருக்கிறான். மூளைக்கான கிளைகள் அடுத்தபடி, வளைவின் உச்சியில்.

இந்த உப்பலுக்கும் சுருக்கத்துக்கும் காரணம் எலாஸ்டின் என்ற ஒரு புரத இழை. தாய் வயிற்றில் இருக்கும்போதே அதை நெய்யத் தொடங்கும் உடம்பு, குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறது. பருவ வயதுக்குப் பிறகு புதிதாக நெய்வது மிக மிகக் குறைவு. தோல் உரிந்து புதிதாகிறது, ரத்த அணுக்கள் மாதக் கணக்கில் மாறுகின்றன, எலும்புகூடத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இந்த இழை மட்டும் ஒரே முறை. எழுபது வயதுக்காரரின் நெஞ்சுக்குள் இன்று விரிந்து சுருங்கும் இழை, அவர் அம்மா அவரைச் சுமந்தபோதும் அவர் தவழ்ந்து திரிந்தபோதும் நெய்யப்பட்டது.

இது பக்தி மிகுதியில் சொல்வதல்ல, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. 1963இல் உடன்படிக்கை கையெழுத்தான பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. எந்த ஆண்டில் ஒரு திசு உருவானதோ அந்த ஆண்டுக் காற்றின் முத்திரை அதில் பதிந்திருக்கும். அந்த முத்திரையைக் கொண்டு நுரையீரலில் உள்ள எலாஸ்டினின் வயதைக் கணித்தபோது, அது ஏறக்குறைய மனித ஆயுள் அளவுக்கு நிலைத்திருப்பது தெரிந்தது. இதே முறையில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் 2009இல் இதயத் தசை அணுக்களின் வயதைக் கண்டறிந்தனர். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஓர் அணு புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. உலகை அழிக்கச் செய்த குண்டு, உடம்பின் நெசவுக் கணக்கைப் படிக்க உதவியிருக்கிறது.

ஆஸ்திரேலிய இதய மருத்துவர் மைக்கேல் ஓரூர்க் ஒரு கணக்குப் போட்டார். இயற்கை ரப்பரை 10 சதவீதம் இழுத்து இழுத்து விட்டால், பல கோடி முறைக்குப் பிறகு அது அறுந்துபோகும். இதயத் துடிப்பில் பார்த்தால் முப்பது ஆண்டு. எலாஸ்டின் இழைகளும் முப்பது வயதுக்கு மேல் அங்கங்கே விரிசல் காண்கின்றன, ஆனாலும் எண்பது, தொண்ணூறு வயது வரை நம்மைத் தூக்கிச் சுமக்கின்றன. தறியின் ஒழுங்கும் வியப்பானது. பெருந்தமனியின் சுவரில் எலாஸ்டின் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருக்கிறது. சுண்டெலிக்கு விரல்விட்டு எண்ணும் சில அடுக்குகள், மனிதனுக்கு ஐம்பதுக்கு மேல், பெரிய பன்றிக்கு எழுபது. ஆனால் ஓர் அடுக்கு தாங்கும் இழுவிசை இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வோலின்ஸ்கி, கிளாகோவ் என்ற இருவர் 1967இல் காட்டினார்கள். எலிக்கும் மனிதனுக்கும் ஒரே அளவுகோல் வைத்து நெய்த கை எது?

மேலே மூளைக்குப் போவோம். கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு தமனிகள் ஏறுகின்றன. மூளையின் அடியில் அவை ஒன்றையொன்று தொட்டு ஒரு வட்டமாகின்றன. ஒரு வழி அடைத்தால் மறு வழி கைகொடுக்கும். 1664இல் தாமஸ் வில்லிஸ் இதை விளக்கி நூல் எழுதினார். அதற்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். ஒரு பக்கக் கழுத்துத் தமனி முற்றும் அடைபட்டும் பக்கவாதம் வராமல் வாழ்ந்து, வேறு நோயில் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் கண்டார். அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி பருத்து, பாரத்தை ஏற்றிருந்தது. எல்லோருக்கும் இந்த வட்டம் முழுமையாக அமைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலருக்கு ஏதோ ஒரு கண்ணி மெலிந்தே இருக்கும்.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் காவல் இருக்கின்றன. நாம் படுக்கையிலிருந்து எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்பக்கம் இறங்குகிறது. சில நொடிக்குள் காவலர்கள் மூளைக்குச் சொல்லி, மூளை இதயத்தை முடுக்கி, குழாய்களை இறுக்கி, சரிசெய்துவிடுகிறது. குழாய்ச் சுவர் விறைத்துப்போனால் இந்த உணர்வும் மந்தமாகும். வயதானவர்களுக்கு எழுந்தவுடன் கண் இருட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

மூளைக்கு இதயம் செய்யும் இன்னொரு தொண்டு அண்மையில்தான் தெரிந்தது. 2012இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, எலிகளின் மூளையில் தமனிகளைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளி வழியே தண்டுவடத் திரவம் ஓடி, மறதி நோயோடு தொடர்புடைய அமிலாய்டு போன்ற கழிவுகளை அலசிக்கொண்டு போவதைக் கண்டது. அந்தத் திரவத்தை நகர்த்துவதில் தமனியின் துடிப்புக்குப் பங்கு உண்டு. எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது ஓட்டம் குறைந்தது. இதமான துடிப்பு கழுவுகிறது. முரட்டுத் துடிப்பு கெடுக்கிறது.

சென்னையை அடுத்த திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. கல்லும் பணமும் இல்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டி முடித்த கோயில் அது. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னன் குறித்த அதே குடமுழுக்கு நாளில், இறைவன் இவர் கோயிலுக்குத்தான் வருகிறேன் என்றான் என்பது பெரிய புராணக் கதை. இதய நோய் உள்ளவர்கள் இன்று அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். கட்டியது என்னவோ நினைவு. பெயர் போனது இருதயத்துக்கு. அதில் தவறில்லை என்றே எனக்குப் படுகிறது. உடம்பும் இந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை.

மூப்பில் நடப்பது என்ன? இழை அறுந்த இடத்தை உடம்பு கொலாஜன் கொண்டு ஒட்டுப்போடுகிறது. கொலாஜன் வலிமையானது, ஆனால் நெகிழாது. சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து மேலும் விறைக்கச் செய்கிறது. துடிப்பின் அலை இளமையில் நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் ஓடும். விறைத்த குழாயில் 10 மீட்டரைத் தாண்டும். அலை தூரத்துக் கிளைகளில் மோதித் திரும்பி வருவதுண்டு. இளமையில் அது இதயம் ஓய்ந்திருக்கும்போது வந்து சேர்ந்து, கரோனரிக்கு ரத்தம் தள்ளத் துணை செய்யும். முதுமையில் சீக்கிரமே திரும்பி, இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தின் முகத்தில் மோதும். ஒரே எதிரொலி, நேரம் தவறியதால் பகையாகிறது.

மூளைக்கு வரும் கேடு இன்னும் நுட்பமானது. இளமையில் பெருந்தமனி மென்மை, கழுத்துத் தமனி சற்று விறைப்பு. இரண்டும் சேரும் இடத்தில் துடிப்பின் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. மூளையின் வாசலில் நின்று முரட்டுத்தனத்தை வடிகட்டும் ஏற்பாடு இது. பெருந்தமனியும் விறைத்துவிட்டால் அந்த வேறுபாடு மறைந்து, அடி நேராக மேலே போகிறது. எதிர்ப்புக் குறைவாக, எப்போதும் திறந்தே கிடக்கும் மூளையின் சிறு குழாய்கள் அந்த அடியை வாங்குகின்றன. ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரத்து முதியோரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவில், பெருந்தமனி விறைத்தவர்களின் மூளையில் சேதத் திட்டுகள் கூடுதலாகவும் நினைவாற்றல் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. பக்கவாதம் என்று ஒரு நாள் இடி விழுவதற்கு முன்பே, பெயர் மறப்பதும் நடை தடுமாறுவதுமாக அது சத்தமின்றி நடந்துகொண்டிருக்கும்.

வீட்டுப் பெரியவர்களின் பிரஷர் சீட்டைப் பாருங்கள். 160/70 என்று இருக்கும். “கீழே இருக்கிற நம்பர் நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். உண்மையில் அந்த இடைவெளிதான் குழாயின் வயதைச் சொல்கிறது. ஐம்பத்தைந்து, அறுபதுக்கு மேல் மேல் எண் ஏறவும் கீழ் எண் இறங்கவும் செய்வது உப்பிச் சுருங்கும் ஆற்றல் போனதன் அடையாளம். வயதானால் பிரஷர் கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்று விட்டுவிடும் பழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தக் குழாய்க் கேடுகள் கால் பங்கு குறைந்தன. 2019இல் அதே ஆய்வின் மூளைப் பகுதி வெளிவந்தது: மறதி நோய்க்கு முந்திய லேசான நினைவுக் குறைவு 19 சதவீதம் குறைந்திருந்தது. மறதி நோயும் குறைந்ததாகத் தெரிந்தாலும் அதை உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. சர்க்கரை நோயாளிகளும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. எழுந்தால் தலை சுற்றுபவர்களுக்கு அவ்வளவு இறக்கமும் ஆகாது. எவருக்கு எந்த எண் என்பதை மருத்துவர்தான் வகுக்க வேண்டும். ஆனால் பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, சரியாக்கியதே மாத்திரைதான் என்பதை மறப்பது.

உப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று அடுக்கினால் மதியச் சாப்பாட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வழக்கமான உப்பின் கால் பங்குக்குப் பொட்டாசியம் உப்பைக் கலந்து கொடுத்ததிலேயே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அந்த உப்பு ஆபத்து. புகையிலையை, வெற்றிலையோடு சேர்த்து மெல்வதையும் சேர்த்தே, விட்டாக வேண்டும், அதில் பேச்சில்லை.

மீதி இருப்பது நடை. இலினாய், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வரை வேகமாக நடக்கவைத்தார்கள். மறு பாதிக்கு உடம்பை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகள். ஓராண்டு கழித்து, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. வயதோடு சுருங்குவதே அதன் இயல்பு என்று எண்ணியிருந்த காலத்தில், 2011இல் வந்த செய்தி இது.

இதயத்தின் சாட்சியம் டல்லஸ் நகரத்திலிருந்து வருகிறது. 1966இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதுதான் சிகிச்சை. எழுந்தபோது அவர்களின் உழைக்கும் ஆற்றல் பெரிதும் விழுந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி அளந்தார்கள். எடை கூடியிருந்தது, தொந்தி விழுந்திருந்தது. ஆனாலும் முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாக இருந்தது. அவர்களுக்கு நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மெதுவாகத் தொடங்கி, வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை கொண்டுபோனார்கள். ஆறு மாதத்தில் ஐந்து பேரின் சராசரி ஆற்றல் இருபது வயதில், படுக்கைக்கு முன்பு இருந்த அளவுக்குத் திரும்பியது. 1966இல் படுக்கையிலிருந்து எழுந்து கடும் பயிற்சி செய்து எட்டிய உச்சத்தை மட்டும் அவர்களில் யாரும் மறுபடி தொடவில்லை.